கடற்கரைப் பெண்களுக்குக் கோபம் அதிகமா?

மே 17 – வாசகர் ஒருவரின் கேள்வி

"மண்டபம் பக்கம் வேலை மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகிறது. சொந்த ஊர் பரமக்குடிக்கு மேற்கே ஒரு கிராமம். காலைப் பேருந்தில் மீன் சட்டியோடு ஏறும் பெண்கள் நடத்துநரிடம் போடும் சண்டையை நான் வாழ்நாளில் கண்டதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. கடற்கரைப் பெண்களுக்கு இயல்பிலேயே கோபம் அதிகமா, இல்லை வளர்ப்பு அப்படியா? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

மே 17, இரவு 10.20

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன், தம்பி. ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பாம்பன்காரி. நீங்கள் பார்த்த மீன் சட்டிக்காரர்களில் ஒருத்தி என் சின்னம்மாவாகக்கூட இருக்கலாம். இருபது வருஷமாக அந்த வழியில்தான் போய் வருகிறாள்.

அந்தச் சண்டையின் முன்பாதி உங்களுக்குத் தெரிந்திருக்காது. விடியுமுன் ஏலத்தில் கடன் வாங்கிய பணத்தில் மீன் எடுப்பாள். ஐஸுக்கு ஒரு செலவு. முதல் பேருந்து "சட்டியோட ஏத்த முடியாது" என்று போய்விடும். இரண்டாவது வேண்டுமென்றே தள்ளிப் போய் நிற்கும், இவள் ஓடி வருவதற்குள் கிளம்பிவிடும். மூன்றாவதில் ஏறும்போது சூடை மீனுக்குக் கண் வெளுக்கத் தொடங்கியிருக்கும். உச்சிப்புளி போய்ச் சேர்வதற்குள் விலை பாதி. அந்த நேரம் பார்த்து நடத்துநர், "ஓசி டிக்கெட்டுக்கு இம்புட்டுப் பேச்சா?" என்பார். நீங்கள் கேட்ட சத்தம் அங்கே தொடங்குகிறது.

2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு முதிய பெண்ணை, நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அந்த அம்மா கத்தியதை யாரோ படம்பிடித்துப் போட, தமிழ்நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அம்மா பணிவாக முனகியிருந்தால் ஒரு நாயும் திரும்பிப் பார்த்திருக்காது.

மே 18, காலை 6.45

பல் தேய்க்கும்போது தோன்றியது. கோபப்படும் ஆணுக்கு நம்மிடம் என்ன பேர் இருக்கிறது? கோபக்காரர். அதுவும் பெரும்பாலும் "கோபக்காரர்தான், ஆனா தங்கமான மனுஷன்" என்று முடியும். பெண்ணுக்கு எண்ணிப் பாருங்கள்: வாயாடி, சண்டைக்காரி, ராங்கி, பஜாரி, அடங்காப்பிடாரி. 'வாயாடன்' என்று யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

பஜாரி என்ற சொல்லை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கடைத்தெருவில் நின்று பேசுகிறவள் என்பதுதானே அதில் இருக்கும் ஏச்சு? அதே கடைத்தெருவில் நிற்கும் ஆணுக்குப் பேர் வியாபாரி. பிடாரியோ ஊரைக் காக்கும் சாமியின் பேர். அவளுக்குப் பொங்கல் வைப்போம், கிடா வெட்டுவோம். அவள் பேரையே எடுத்து அடுத்த வீட்டுப் பெண்ணை ஏசுவோம்.

மே 18, மதியம்

ராங்கி என்பது திமிருக்குச் சொல்வது, கோபத்துக்கு இல்லை என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரி, எடுத்துவிடுங்கள். மீதி நான்கும் நிற்கட்டும்.

மே 20, இரவு 9.05

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டில் உண்மையாகவே யாருக்கும் கோபம் வராது, அக்கா." இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

பெண்கள் கோபமே குறைவாகத்தான் படுகிறார்களா என்று உளவியலில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஜான் ஆர்ச்சர் என்பவர் 2004ல் அத்தகைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துவைத்துக் கணக்குப் பார்த்தார். கைநீட்டி அடிப்பதில் ஆண்கள் கூடுதல். ஆனால் கோபம் என்று பார்த்தால் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. வருகிற கோபம் ஒன்றுதான், போகிற வழிதான் வேறு.

ஆகவே உங்கள் வீட்டிலும் அது இருந்திருக்கும், வேறு வழியில் போயிருக்கும். பாத்திரம் கழுவும் சத்தம் சில நாள் கூடுதலாகக் கேட்டதில்லையா? "ஒங்கப்பாட்ட சொல்லு, சோறு எடுத்து வச்சாச்சுன்னு" என்று அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்க உங்களைத் தூது அனுப்பியதில்லையா? உங்கள் அம்மா கோழியையோ ஆட்டையோ திட்டும்போது, அந்தத் திட்டில் ஆட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சேதி இருந்ததில்லையா? "தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துக் கெடக்கே, ஒனக்கெல்லாம் வெக்கமா இல்ல?" எங்கள் அப்பத்தா வீட்டில் ஓர் ஆடு இருந்தது. தாத்தாவுக்குப் போக வேண்டிய ஏச்சு முழுவதையும் அதுதான் வாங்கியது. ஜாடைப் பேச்சு என்று இதற்குப் பேரே இருக்கிறது. பேர் வைக்கிற அளவுக்குப் பழகிய விஷயம்.

மே 21, காலை

ஆட்டுக் கதைக்கு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தேவிபட்டினத்தில் ஒரு வீட்டில் பூனையாம். தொண்டியில் ஒரு மாமியார் வானொலிப் பெட்டியைப் பார்த்துத் திட்டுவாராம். தொடர்ந்து எழுதுங்கள், எனக்குப் படிக்கப் பிடித்திருக்கிறது.

மே 22, இரவு 11

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சேதி. எங்கள் பாம்பன் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை இல்லாமல் குளம்போல் கிடக்கும், அது பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அடிக்கும், அது ஆண்கடல். தனுஷ்கோடிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லும் முதல் வசனமே இதுதான்: "பாருங்க, பொம்பளக் கடல் எவ்வளவு அமைதியா இருக்கு!"

சின்ன வயதில் அதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தேன். அமைதியாக இருந்தால் பெண், அடித்தால் ஆண். கடலுக்கே இப்படி ஒதுக்கிவைத்திருக்கும் ஊரில் ஒரு பிள்ளைக்கு வேறு என்ன சொல்லித்தர வேண்டும்?

மே 23, காலை 5.30

நேற்று எழுதியதில் பெரிய விட்டுப்போதல். அம்மாதான் சொன்னாள், நான் வாசித்துக் காட்டியதும். பெண்கடல் அமைதியாக இருப்பது பாதி வருஷம்தான். ஐப்பசியில் வாடைக்காற்று இறங்கிவிட்டால் வடகடல்தான் பொங்கும், தை வரைக்கும். அப்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் இது தலைகீழ். இப்போது மே மாதம், வழிகாட்டி சொல்வது சரியாகத் தெரிகிறது. கார்த்திகையில் வந்து பாருங்கள். தொழில் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும், காற்றைப் பார்த்துத்தான் வள்ளத்தை எந்தப் பக்கம் போடுவது என்று முடிவு செய்வார்கள். தெரிந்தும் பேர் மட்டும் மாறவில்லை.

மே 25, இரவு 10.40

முதல் நாள் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். எங்கள் பெண்கள் நினைத்தபோது நினைத்தபடி கோபப்படுவார்கள் என்பதுபோல எழுதிவிட்டேன். அது உண்மை இல்லை. என் அம்மாவையே எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா பிறந்தது தென்கடல் பக்கம், சின்னப்பாலம். வாழ்க்கைப்பட்டது வடகடல் பக்கம். கடல்பாசி எடுக்கிறவள். பன்னிரண்டு வயதில் தண்ணீருக்குள் போனவள். சேலைக்கு மேல் ஒரு சட்டை, விரல் அறுபடாமல் இருக்கத் துணிச் சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுக்க வேண்டும். கட்டக்கோரைப் பாசி கொஞ்சம் சுலபம், விலையும் குறைவு. அகர் என்று ஐஸ்கிரீமில் போடுகிறார்களே, பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்க்கிறார்களே, அது இந்த மரிக்கொழுந்திலிருந்து வருவது. 1986ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ஐயும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு தீவுப் பக்கம் போனாலே குற்றம் என்று ஆனது. வனத்துறைக்காரர்கள் பையைப் பிடுங்குவார்கள், வள்ளத்தைப் பிடிப்பார்கள். அந்தப் பெண்கள் ஊர் ஊராகக் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது கிடைத்தது.

பாசியை நிறுத்து வாங்கும் தராசுக்காரரிடம் எங்கள் அம்மா போட்ட சண்டையை நான் பார்த்திருக்கிறேன். ஈரம் என்று சொல்லிக் கிலோவுக்கு இவ்வளவு கழிப்பார். "எங்க மூச்சையும் சேத்துக் கழிச்சுக்கங்க" என்று பையைத் தட்டில் ஓங்கிப் போட்டாள். பிடித்த பாசியைக் காட்டச் சொன்ன அதிகாரியிடம், "இந்தா பாரு, மீன் குஞ்சு இருக்கா, பவளம் இருக்கா?" என்று கைநிறைய அள்ளி முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்கு ஒன்பது வயதிருக்கும். இப்படி ஒரு அம்மா யாருக்கு உண்டு என்று இருந்தது.

அதே அம்மா, சாயங்காலம் அப்பா குடித்துவிட்டு வந்து பாசிக்காசை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அடுப்பில் ஊதிக்கொண்டே இருப்பாள். தீ நன்றாக எரிந்துகொண்டிருக்கும், ஆனாலும் ஊதுவாள்.

மே 26, காலை

ஆகவே தம்பி கேட்ட கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். கோபம் அதிகமா குறைவா என்பது இல்லை. யாருக்காக, எங்கே நின்று, யாரிடம்? இதை யோசிக்கிறேன். இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது.

மே 28, இரவு

2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து மீனவ இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது தங்கச்சிமடத்தில் நாள்கணக்கில் போராட்டம் நடந்தது. நானும் போய் உட்கார்ந்தேன். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள், மார்பில் அடித்துக்கொண்டு சாபம் விட்டார்கள். ஒருவரும் வாயாடி என்று சொல்லவில்லை. "பொம்பளைகளை முன்னால உக்கார வைங்கப்பா" என்றுதான் சொன்னார்கள். புருஷனுக்காக, பிள்ளைக்காக, ஊருக்காக வரும் கோபத்துக்கு முன்வரிசை.

அடுத்த வருஷம் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பெண்கள் ஊர்க்கூட்டத்துக்குப் போனார்கள். ஐஸ் வாடகை, ஏலக் கழிவு எல்லாம் எங்கள் தலையில்தான் விழுகிறது, பேசும்போது எங்களையும் கூப்பிடுங்கள் என்று கேட்க. "இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு, போய் உலையைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதே ஆட்கள். முன்னால் உட்காரச் சொன்ன அதே ஆட்கள்.

கண்ணகியை நமக்குப் பிடித்திருப்பதும் அதனால்தானோ என்று நினைக்கிறேன். மதுரையை எரித்தது கோவலனுக்காக. மாதவியிடம் போய் வருஷக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பிய அதே கோவலனிடம் அவள் தனக்காக ஒரு கோபம் பட்டிருந்தால் சிலை வைத்திருப்போமா?

ஜூன் 1, இரவு 10.15

எங்கள் பெரியத்தை ஆடி மாதம் சாமியாடும். மற்ற பதினொரு மாதம் அதன் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. காளி இறங்கியதும் பெரிய மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிடும், ஏக வசனத்தில். "எம்புள்ள கண்ணுல ஏன்டா தண்ணி வர வச்ச?" என்று கேட்கும். எம்புள்ள என்றால் அத்தைதான். மாமா வேட்டியை இறக்கிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, "தப்புதான் ஆத்தா" என்பார். துண்ணூறு வாங்கிப் பூசிக்கொள்வார். ஒரு மாதம் நல்லபடியாக இருப்பார்.

இளவயதில் இதை நடிப்பு என்று நினைத்தேன், வீட்டில் சொல்லவும் செய்தேன். அம்மா என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். இன்று நடிப்பு என்று நினைக்கவில்லை. அத்தை மாலையில் துவண்டுபோய்த் தரையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், வாய் உலர்ந்து, கண் செருகி. வருஷம் முழுக்க அடக்கிவைத்தது ஒரு நாளில் வெளியே வந்தால் உடம்பு என்னவாகும்? ஆனால் அந்தக் கேள்வியை அத்தையாகவே நின்று கேட்க முடியவில்லை, காளி வர வேண்டியிருந்தது.

ஜூன் 2, மதியம்

கீழக்கரைத் தங்கை ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "எங்களுக்குச் சாமி இல்லை அக்கா, ஜின் உண்டு. கத்தினால் ஜின் பிடித்துவிட்டது, ஏர்வாடிக்குக் கொண்டு போ என்பார்கள்."

மனநோய் தீரும் என்று ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் போகிறார்கள், எங்கள் தெருவிலிருந்தும் போனார்கள். நம்பிக்கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. எங்கள் தெருவிலிருந்து ஒரு அக்காவை அதற்கு முந்தின வருஷம்தான் ஏர்வாடியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். தீப்பிடித்த இடத்தில் அவள் இல்லை, வேறு இடம், பிழைத்தாள். அவளுக்கு என்ன நோய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, கல்யாணம் வேண்டாம் என்று அவள் மூன்று நாள் கத்தினாள்.

அந்தக் காலத்து வெள்ளைக்கார மருத்துவமும் இதையே ஹிஸ்டீரியா என்ற நோயின் பேரில் செய்தது. அந்தச் சொல் கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் அந்த நோய்ப் பேரைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்தது 1980ல்தான்.

ஜூன் 7, இரவு 11.30

படித்தவர்களிடம் இதெல்லாம் இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, சொல்கிறேன்.

நான் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்த்தேன், பேர் வேண்டாம். இறால் உரிக்கும் பெண்களின் கூலியில் மூன்று மாதமாக ஒரு பிடித்தம் தவறாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. மூன்றாவது முறை கூட்டத்தில் சத்தமாகவே கேட்டேன். மேலாளர் மெதுவாக, அக்கறையாக, "வீட்டுல ஏதும் பிரச்சினையாம்மா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க" என்றார். அதே கூட்டத்தில் கொள்முதல் பார்க்கிறவர் லாரி தாமதமானதற்குக் கோப்பைத் தூக்கி மேசையில் அடித்தார். "அவருக்கு வேலையில அம்புட்டு அக்கறை" என்றார்கள்.

2008ல் விக்டோரியா பிரெஸ்கால், எரிக் ஊல்மன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். வேலை நேர்காணல் போன்ற காட்சியில் கோபத்தைக் காட்டிய ஆணுக்கு மதிப்பு கூடியது, அதே கோபத்தைக் காட்டிய பெண்ணுக்குக் குறைந்தது. ஆணுக்குக் கோபம் வந்தால் எதனால் என்று வெளியே காரணம் தேடுகிறார்கள். பெண்ணுக்கு வந்தால் அவளுக்குள்ளேயே தேடுகிறார்கள். படித்ததும் அந்த "வீட்டுல ஏதும் பிரச்சினையா" அப்படியே காதில் விழுந்தது. வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிடித்தத்தில்தான் பிரச்சினை.

அன்று அழுதும்விட்டேன். எனக்குக் கோபம் உச்சிக்குப் போனால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அழுகிறேன் என்று தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், பேச்சை மாற்றிவிட்டார்கள். அது கோபம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூன் 8, காலை

1976ல் காண்ட்ரி தம்பதியர் ஒரு குழந்தையின் படத்தைப் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டியிலிருந்து பொம்மை துள்ளி வெளியே வருகிறது, குழந்தை அழுகிறது. பையன் என்று சொல்லிக் காட்டியபோது கோபத்தில் அழுகிறான் என்றார்கள். பெண் என்று சொல்லிக் காட்டியபோது பயத்தில் அழுகிறாள் என்றார்கள். ஒரே குழந்தை, ஒரே அழுகை. ஒன்பது மாசக் குழந்தைக்கே இது நடந்திருக்கிறது.

ஜூன் 9, இரவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை அவள் வரைந்த படத்தின் மேல் அவள் அண்ணன் தேநீரைக் கொட்டிவிட்டான். அவள் கத்தினாள், கதவை அறைந்தாள். நான் சமையல்கட்டிலிருந்து என்ன சொன்னேன் தெரியுமா? "பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாதுடி." மூன்று வாரமாக இங்கே இத்தனை எழுதிக்கொண்டிருக்கும் நான். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. அவனை ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி அவள் பக்கத்தில் போய்ப் படுத்து, நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். "சரி" என்றாள், திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவளை வற்புறுத்தவில்லை.

ஜூன் 13

தம்பி தன் அம்மாவிடம் கேட்டாராம், உனக்குக் கோபமே வராதா என்று. "வரும். ஒங்கப்பா செத்த பெறகு நின்னுபோச்சு" என்றாராம். அவர் அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 15, இரவு 10

தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. 61 நாளாகக் கட்டிக் கிடந்த விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் சத்தம். அம்மா வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் கேட்டேன், தராசுக்காரரிடம் கேட்டாய், அதிகாரியிடம் கேட்டாய், உனக்காக, வீட்டுக்குள்ளே, எப்போதாவது கோபப்பட்டிருக்கிறாயா என்று. மகளும் அங்கேதான் இருந்தாள்.

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கண்ணாடிக்கு" என்றாள்.

நான் பிறப்பதற்கு முன்னால். அவளுடைய கடல் கண்ணாடி, அவளுடைய அம்மா கொடுத்தது. அப்பா அதைக் குடிக்க விற்றுவிட்டார். மறுநாள் பாசிக்குப் போகத் தேடியிருக்கிறாள். இல்லை. ராத்திரி சோறு போட்டு அவர் முன்னால் வைத்தவள், அவர் கை வைக்குமுன் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்க் கடலில் வீசியிருக்கிறாள். வீடு கரையிலேயே, அந்தப் பெண்கடலில்தான்.

"அப்புறம் தாத்தா என்ன சொன்னாரு?" என்று மகள் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. பட்டினியாப் படுத்தாரு. ஒரு வாரத்துல வேற கண்ணாடி வாங்கியாந்தாரு."

"தட்டு போயிருச்சா?"

"எங்கிட்டுப் போகும்? வீட்டுல இருந்ததே ரெண்டு தட்டு. விடிஞ்சதும் நானே முங்கி எடுத்தாந்தேன்."

"கண்ணாடி இல்லாமலா?"

"கையாலயே தடவி."

மகள் உள்ளே போய்த் தட்டுகளையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு, "எது, எது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரம் நசுங்கிய அலுமினியத் தட்டை அம்மா காட்டினாள். பத்தாம் வகுப்பு வரை நான் சாப்பிட்ட தட்டு.